தத்துவப் பட்டப்படிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளிப்படிப்பு முடியப்போகிறது. இளங்கலையில் தத்துவம் எடுக்கவேண்டும் என்று வெகுநாள் ஆசை. வீட்டில் ‘படித்துவிட்டு என்ன செய்வாய்?’ என்கிறார்கள். நண்பர்கள் ‘எல்லாம் காணொளியிலேயே கிடைக்கிறதே, அதற்கு ஒரு டிகிரியா?’ என்கிறார்கள். நானும் பிளேட்டோ முதல் ஃபூக்கோ வரை பெரும்பாலானவர்களைப் பற்றிக் காணொளிகள் பார்த்துவிட்டேன். கான்ட் காலாவதியானவர் என்று தோன்றியது, நீட்சே பிடித்திருந்தது. இந்தியத் தத்துவம், மேலைத் தத்துவம், எதிலிருந்து தொடங்குவது? கிரேக்கமோ சமஸ்கிருதமோ கற்றாகவேண்டுமா? சில இரவுகளில், இதற்குள் போனால் இருக்கிற நிம்மதியும் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

க.

அன்புள்ள க,

இம்மாதிரிக் கடிதங்களுக்குத் தனியாகப் பதில் எழுதிவிடுவது வழக்கம். உங்களுடையதைப் பொதுவில் எடுத்துக்கொள்ளக் காரணம், கேள்விகளுக்கு நடுவே போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரி. கான்ட் காலாவதியானவர். எந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இதை எழுதினீர்கள்? கோபமாகத்தான் கேட்கிறேன். ‘தூய அறிவின் விமர்சனம்’ 1781ல் வந்தது. அடுத்த ஆண்டே வந்த ஒரு மதிப்புரை, இதுவும் பெர்க்லி சொன்ன கருத்துமுதல்வாதம், அதாவது பொருள்கள் மனத்தின் எண்ணங்களாக மட்டுமே இருக்கின்றன என்ற வாதம், மாதிரிதான் என்று சொல்லிவிட்டது. கான்ட் கொதித்துப்போனார். 1783ல் எழுதிய சிறுநூலின் பின்னிணைப்பில் அந்த மதிப்புரைக்கு நேரடியாகவே பதில் சொன்னார். அதோடு விடவில்லை. 1787ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது நூலின் மிகக் கடினமான பகுதியைப் பெரும்பாலும் புதிதாக எழுதி, கருத்துமுதல்வாதத்துக்கு மறுப்பு என்றே தனியாக ஒரு பகுதியையும் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தன்னைப் புரிந்துகொள்ளாத ஒருவருக்காக அவ்வளவு உழைத்த மனிதரை நீங்கள் ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறீர்கள்.

சரி, மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வேலை: இந்தப் பட்டத்துக்கென்று தனியாக ஒரு வேலை காத்திருப்பதில்லை. படித்தவர்கள் சட்டத்துக்குப் போகிறார்கள், இதழியலுக்கு, நிர்வாகத்துக்கு, ஆசிரியப் பணிக்குப் போகிறார்கள், தர்க்கம் பிடித்துப்போய்க் கணினிக்குப் போனவர்களும் உண்டு. அநேகமாக எல்லோரும் மேற்கொண்டு ஏதாவது படிக்கவேண்டியிருக்கும். வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி, அவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். இந்தியமா மேலையா என்றால், நீங்கள் சேரும் துறையில் எதை நன்றாக நடத்துகிறார்களோ அதிலிருந்து. மொழிகள் இளங்கலைக்கு அவசியமில்லை. ஏதாவது ஒரு நூலை விட்டு நகரவே முடியாமல் போகும்போது அந்த மொழியைக் கற்றுக்கொள்ளலாம்.

நான் பேச விரும்புவது உங்கள் நண்பர்களின் கேள்வியைப் பற்றித்தான். காணொளியில் கிடைக்காதது எது?

காணொளியில் முடிவுகள் கிடைக்கும். இன்னார் இப்படிச் சொன்னார், அடுத்தவர் அதை மறுத்தார் என்று இருபது நிமிடத்தில் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிடலாம். அந்த முடிவுக்கு அவர் எந்தப் படிகளில் ஏறி வந்தார், நடுவில் எந்தப் படி ஆடுகிறது என்பது அதில் தெரியாது. தத்துவத்தில் படிப்பதற்கு என்று இருப்பதோ அந்தப் படிகள்தான்.

நான் படித்த துறையில் ஒரு பேராசிரியர் இருந்தார். முதல் செமஸ்டரில் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள், உலகில் இவ்வளவு துன்பம் இருப்பதால் எல்லாம் வல்ல, முழுக்க நல்லவரான கடவுள் இருக்கமுடியாது என்ற வாதத்தை எழுதவேண்டும். நம்பிக்கை இல்லாத எங்களுக்கு, கடவுள் உண்டு என்று நிறுவ முயன்ற இடைக்காலத் துறவி ஆன்செல்மின் வாதம். ஒரே பக்கம். படிகளுக்கு எண் போடவேண்டும், முடிவு கடைசி வரியில். மறுத்து ஒரு சொல்கூட எழுதக்கூடாது. ஆன்செல்மின் வாதம் சுருக்கமாக இதுதான்: தன்னைவிடப் பெரியதை நினைக்கவே முடியாத ஒன்று நம் எண்ணத்தில் இருக்கிறது, அது எண்ணத்தில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பதாக நினைத்தால் அது இன்னும் பெரியதாகிவிடும், ஆகவே அது நிஜத்திலும் இருந்தாகவேண்டும். எங்கள் தாள்கள் திரும்பி வந்தபோது அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் பென்சில் கோடு. கடைசி வரிக்கு முன்னால், ஓரத்தில், ‘இங்கே ஒரு படி காணோம்.’ நிஜத்தில் இருப்பது எண்ணத்தில் மட்டும் இருப்பதைவிடப் பெரியது என்பதை யாருமே தனி வரியாக எழுதியிருக்கவில்லை. ஆன்செல்மை மறுக்கவேண்டுமானால் கை வைக்கவேண்டிய இடங்களில் முக்கியமானது அது. அவரை முழுதாக எழுதிப் பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் அது படும்.

இதை அந்தப் பேராசிரியர் கண்டுபிடிக்கவில்லை. பூர்வபட்சம், அதாவது எதிராளியின் வாதத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுவது, என்று நம் மரபில் இதற்கு எப்போதோ இடம் கொடுத்துவிட்டார்கள். பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரின் விக்ரஹவ்யாவர்த்தனி என்ற நூலில் 70 செய்யுள்கள், அதில் முதல் 20 எதிராளியுடையவை. எதற்குமே சுயஇயல்பு, அதாவது பிறவற்றைச் சாராமல் தனக்கென்று ஒரு இயல்பு, இல்லை என்றால் நீ சொல்லும் அந்த வாக்கியத்துக்கும் இல்லைதானே, பிறகு அது எதை மறுக்கும்? இதுதான் முதல் செய்யுளே. தன்னை வீழ்த்தக்கூடிய கேள்வியை நூலின் வாசலிலேயே வைக்கிறார். ஆன்செல்மையும் கவுனிலோ என்ற துறவி மறுத்தார். இதே தர்க்கப்படி, இதைவிடச் சிறந்ததை நினைக்கமுடியாத ஒரு தீவும் எங்காவது இருந்தாகவேண்டுமே என்றார். ஆன்செல்ம் பதில் எழுதிவிட்டு, இனி தன் நூலைப் படியெடுக்கும்போது கவுனிலோவின் மறுப்பையும் சேர்த்தே எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்த் தன் ‘தியானங்கள்’ கைப்பிரதியைச் சுற்றுக்கு விட்டு, ஹாப்ஸ், ஆர்னோ, காசந்தி போன்றவர்களின் மறுப்புகளை வாங்கி, தன் பதில்களோடு சேர்த்துத்தான் 1641ல் அச்சிட்டார். மூலநூலைவிடப் பல மடங்கு நீளம் அவை. இன்று மாணவர்கள் கையில் இருக்கும் பல பதிப்புகளில் அவற்றை வெட்டியோ சுருக்கியோ விடுகிறார்கள். எனக்கு ஆற்றவே மாட்டாத வருத்தம் அது.

சில வாரங்களாக டெகார்த்துக்கும் பொஹீமிய இளவரசி எலிசபெத்துக்கும் இடையிலான கடிதங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1643 மே மாதம், தன் 24ஆம் வயதில், அவர் டெகார்த்துக்கு எழுதுகிறார். ஆன்மா வெறும் சிந்திக்கும் பொருள், இடத்தை அடைப்பதில்லை என்கிறீர்கள், அப்படியென்றால் அது உடலை எப்படி அசைக்கிறது? டெகார்த் பாராட்டிவிட்டு, எடை ஒரு பொருளைக் கீழே இழுப்பதை உவமை சொல்லிப் பதில் எழுதுகிறார். எலிசபெத் விடவில்லை. பொருளற்ற ஒன்று உடலை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட ஆன்மாவுக்கும் பொருளும் பரப்பும் உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது என்று ஜூனில் திரும்ப எழுதுகிறார். இம்மாதிரி விஷயங்களுக்கு வருடத்தில் சில மணிநேரம் போதும் என்று டெகார்த் நழுவுகிறார், ஜூலையில் மறுபடியும் கடிதம் வருகிறது! மரியாதையில் ஒரு இம்மி குறையாமல், கேள்வியிலும் ஒரு இம்மி குறையாமல். அடுத்த ஆண்டு டெகார்த் தன் பெரிய நூலை அவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

எலிசபெத் எந்தப் பட்டமும் வாங்கவில்லையே என்று கேட்பீர்கள். உண்மை. பட்டம் இல்லாமலும் இதைச் செய்யலாம். ஆனால் அவருக்கு மறுமுனையில் பதில் எழுத டெகார்த் இருந்தார். உங்களுக்கும் ஒருவர் வேண்டும். நீங்கள் எழுதிய வாக்கியத்தை ‘முன்னால் சொன்னதிலிருந்து இது பின்தொடரவில்லை’ என்று திருப்பித் தரும் ஒருவர், நீங்கள் சிணுங்கினாலும் திருப்பித் தருகிறவர். காணொளி உங்களைத் திருப்பிக் கேட்காது, தலையாட்டினாலே போதும் அதற்கு. தனியாக வாசிப்பவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குப் பிடித்தவரிடமே போய் நின்றுவிடுவதும் இதனால்தான். நீட்சே உங்களுக்குப் பிடித்திருக்கிறது, சந்தோஷம். நீட்சே யாரோடெல்லாம் சண்டை போட்டாரோ அவர்களைப் படித்துவிட்டு வாருங்கள், அந்த வரிசையில் கான்ட்டும் இருக்கிறார்.

நிம்மதி போய்விடுமோ என்ற பயத்தைக் கடைசியில், ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் எழுத நினைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அந்த வகுப்பில் ஒரு தோழி, ஆழமான நம்பிக்கை உள்ளவள், துன்பத்திலிருந்து எழும் அந்த வாதத்தை எங்கள் யாராலும் முடியாத அளவுக்குச் சரியாக எழுதி வந்தாள். வாசிக்கும்போது குரல் நடுங்கியது. படித்து முடித்தபோதும் நம்பிக்கையோடுதான் இருந்தாள், இன்றும் இருக்கிறாள். சிலருக்குப் போய்விடும், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு இருந்தால் அதற்குத் தத்துவ நூலைத் தேடாதீர்கள் தம்பி, பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரையும் பாருங்கள். பட்டப்படிப்பு அதற்கு மருந்தும் இல்லை, அந்த நோய்க்குக் காரணமும் இல்லை.

கல்லூரி தேடும்போது பெயரைப் பார்த்து மயங்காமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். முதலாண்டிலேயே தர்க்கம் இருக்கிறதா, மூலநூல்களை வகுப்பில் வரிவரியாக வாசிக்கிறார்களா, ஒரு செமஸ்டரில் எத்தனை கட்டுரை எழுதவைத்துத் திருத்தித் தருகிறார்கள் என்று பாருங்கள். அங்கே படிக்கும் மூத்த மாணவர் யாரையாவது பிடித்து, திருத்தப்பட்ட கட்டுரை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.