வலைமணி வார்ப்பு: அடுப்பையும் அச்சையும் திருத்துவது பற்றிய கேள்விகள், பதில்கள்

வீச்சுவலையைத் தாழ்த்தும் ஈய மணியையும் தூண்டிலுக்கான குண்டையும் வீட்டிலேயே ஈயம் உருக்கி ஊற்றுபவர்கள் வன்னிக் கரையோரத்திலும் குளத்தோரத்திலும் நிறைய இருக்கிறார்கள். இருக்கிற சாமானை எப்படித் திருத்துவது, எதைப் புதிதாக வாங்குவது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அளம்பிலிலிருந்து: அண்ணை, இப்ப பழைய தாச்சியை விறகு அடுப்பில வைச்சுத்தான் உருக்கிறன். கையில கொஞ்சக் காசு இருக்கு. முதல்ல மின்சாரச் சட்டி வாங்கவோ?

வேண்டாம் தம்பி. சட்டி மூன்றாவது. முதலில் வெப்பமானி, அடுத்தது நல்ல அச்சு.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். ஊற்றுவதற்கு 360 முதல் 400 வரை போதும். விறகிலும் சிரட்டைக் கரியிலும் சூடு எங்கே நிற்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, ஈயம் 350இலும் 550இலும் ஒரே மாதிரித்தான் மினுங்கும். 500ஐத் தாண்டத் தாண்ட ஈயப் புகை கூடிக்கொண்டே போகும். ஆகவே முதற் காசை வெப்பமானியில் போடுங்கள். மல்டிமீற்றரோடு வரும் மெல்லிய வயர் முனை இதற்குச் சரிவராது, அதன் உறை கருகிவிடும். துருப்பிடிக்காத உருக்குக் குழாய்க்குள் அடைத்த, சூட்டை உணரும் கே வகை முனையைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தாச்சி அலுமினியமா என்றும் பாருங்கள். அலுமினியம் 660 பாகையில் உருகும், கரி அடுப்பை ஊதினால் அந்தச் சூடு வந்துவிடும். அடி விட்டால் உருகிய ஈயம் முழுவதும் காலடியில்தான். துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது. தடித்த இரும்புச் சட்டி நல்லது. ஒரு லீற்றர் ஈயம் 11 கிலோவுக்கு மேல் நிறுக்கும், அதனால் கைபிடி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று ஈயம் போட முதலே பார்த்துவிடுங்கள்.

செம்மலை, நாச்சிக்குடா, இன்னும் சில இடங்களிலிருந்து: மணி சுருங்கிச் சுருங்கி வருகிறது. பாதிதான் நிரம்புகிறது. ஈயத்தை இன்னும் சூடாக்க வேண்டுமா?

அதிகம் பேர் கேட்டது இதுதான். அநேகமாக எல்லோரும் ஈயத்தின் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள், ஆனால் குறை அச்சில் இருக்கிறது. குளிர்ந்த அச்சுக்குள் ஈயம் விழுந்தவுடன் ஓரம் உறைந்துவிடும், பின்னால் வருகிற ஈயம் அதோடு ஒட்டாமல் மடிப்பு மடிப்பாக நிற்கும். அச்சைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்து நன்றாகச் சூடேற்றிய பிறகு தொடங்குங்கள். முதலில் வரும் சில மணிகள் எப்படியும் அழகில்லாமல்தான் வரும், அவற்றைத் திரும்பச் சட்டியில் போடலாம். இடைவிடாமல் ஊற்றினால் அச்சு தன் சூட்டைத் தானே பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. மணியின் மேற்பரப்பு பனி படிந்தாற்போல் மங்கலாக வந்தால் அச்சு சூடு கூடிவிட்டது, கொஞ்சம் ஆற விடுங்கள்.

அச்சை எரியும் மெழுகுதிரிக்கு மேலே பிடித்து உட்புறத்தில் மெல்லிய கரி படிய வையுங்கள். ஈயம் இலகுவாக ஓடும், ஒட்டாமலும் கழன்று வரும். அடுத்தது காற்று வெளியேறும் வழி. இரண்டு பாதியும் சேரும் முகத்தில், குழியிலிருந்து வெளி ஓரம் வரை ஊசிமுனையால் நுண்ணிய கோடுகள் கீறிவிடுங்கள். காற்றுப் போகும் அந்தக் கோட்டுக்குள் ஈயம் நுழையாது. கோடு ஆழமானால் மணிக்கு மீசை முளைக்கும், ஆகையால் மெல்லக் கீறுங்கள்.

புது அச்சு செய்விப்பதென்றால் கடைசல் பட்டறையில் தடித்த அலுமினியக் கட்டை இரண்டை முகம் முகமாக வைத்து இறுக்கி, சேரும் கோட்டின் மேலேயே வரிசையாகத் துளையிடச் சொல்லுங்கள். அடியிலிருந்து ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு சயிக்கிள் கம்பி நிற்க வேண்டும், நூல் கோக்கும் துளை அதனால் வரும். சாதாரண சயிக்கிள் கம்பி 2 மி.மீ. தடிப்பு, அளவு சரி. குழியின் மேல்வாயைச் சற்று அகட்டி வைத்து, ஊற்றும்போது அந்த வாய் நிறைய ஊற்றுங்கள். ஈயம் உறையும்போது சுமார் மூன்றரை வீதம் சுருங்கும், மேலே நிற்கும் மிச்சம் இறங்கி அந்தக் குறையை நிரப்பும். பிறகு குறட்டால் வெட்டிவிடலாம். அச்சின் கைபிடிக்கு மரம் போடுங்கள்.

வவுனிக்குளத்திலிருந்து: ஒரு மணி எத்தனை கிராம் வரும் என்று முதலே கணக்குப் பார்க்க முடியுமா?

முடியும். ஈயம் ஒரு கன சென்ரிமீற்றர் 11.34 கிராம். 10 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளம், நடுவில் 2 மி.மீ. துளை என்றால் ஒன்றரை கன சென்ரிமீற்றர், ஏறத்தாழ 17 கிராம். மூன்று கிலோ மணி கோக்கும் வலைக்கு 175 மணி வேண்டும். பட்டறைக்குப் போக முன் இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுப் பாருங்கள். பிறகு அரத்தால் ராவிச் சரிப்பண்ண நினைத்தால் வீடெல்லாம் ஈயத்தூள் பறக்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: கனடாவில் இருக்கும் மாமா அடியால் ஊற்றும் மின்சாரச் சட்டி ஒன்று அனுப்புகிறேன் என்கிறார். அங்கே உரிமம் எடுத்துத் துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்கள் பாவிப்பதாம். வலைமணிக்குச் சரிவருமா?

மிக நன்றாகச் சரிவரும். கசடு மேலே மிதக்கும், சுத்தமான ஈயம் அடியால் வரும். அகப்பையால் அள்ளி ஊற்றும் வேலை இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் கரண்டில் சொருகிவிடாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. வோல்ட் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும். 700 வாட் சட்டி இங்கே நேரே கொழுவினால் 2,500 வாட்டுக்கு மேல் இழுத்து, சுருள் கருகிவிடும். மாமாவிடம் 220 அல்லது 240 வோல்ட் என்று எழுதிய மாதிரியைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் 230ஐ 120 ஆக இறக்கும் மின்மாற்றி வேண்டும், 700 வாட் சட்டிக்கு 1,000 வாட் தாங்கக்கூடியது. சட்டியின் உடலுக்கு நிலத்தொடுப்பு கட்டாயம். பழைய வீட்டு வயரிங்கில் மூன்றாவது ஓட்டை வெறுமனே அழகுக்கு இருக்கும், மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

அதே சட்டிக்கு: சூட்டைத் தானே பிடித்து வைக்கும் கருவி பூட்டலாமா?

பூட்டலாம், பூட்டுவது பெறுமதியானதும்கூட. சட்டியோடு வரும் திருகி வெறும் எண்களைத்தான் காட்டும், சூட்டைக் காட்டாது. ரெக்ஸ் சி-100 போன்ற மலிவான கட்டுப்பாட்டுக் கருவி, எஸ்.எஸ்.ஆர். எனப்படும் திண்ம நிலைச் சுவிச், கே வகை முனை, இந்த மூன்றும் போதும். சி-100இல் இரண்டு வகை விற்கிறார்கள், எஸ்.எஸ்.ஆர். ஓட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சுவிச்சை அலுமினியத் தகட்டில் இறுக்கி, உருகியும் (பியூஸ்) போட்டு, எல்லாவற்றையும் உலோகப் பெட்டிக்குள் அடக்குங்கள். 380இல் வைத்தால் ஒரு வேலைநாள் முழுக்க மணி ஒரே சீராக வரும்.

திண்ம நிலைச் சுவிச் பழுதானால் பெரும்பாலும் கரண்டை நிறுத்தாது, தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கும். சட்டி ஏறிக்கொண்டே போகும். கையெட்டும் தூரத்தில் தனிச் சுவிச் ஒன்று வேண்டும். போட்டுவிட்டு எழும்பிப் போகவும் கூடாது.

மாங்குளத்திலிருந்து: ரயர் கடையில் கழித்த சில்லுக் கட்டிகள் (சில்லின் பாரத்தைச் சமப்படுத்தப் பூட்டுபவை) மலிவாகக் கிடைக்கின்றன. எடுக்கலாமா?

நல்ல சாமான், தெரிந்து எடுத்தால். இப்போது வருகிறவற்றில் இரும்பும் துத்தநாகமும் கலந்து கிடக்கும். குறட்டால் கடித்துப் பாருங்கள், ஈயம் பதியும், துத்தநாகம் பதியாது. சந்தேகமானவற்றை ஒதுக்கிவிடுங்கள். தப்பி உள்ளே போனாலும், துத்தநாகம் 419 பாகையில்தான் உருகும் என்பதால் சூட்டை 380க்குள் வைத்திருந்தால் அது மேலே மிதக்கும், அள்ளி எறியலாம். சூடு கூடிக் கரைந்துவிட்டால் ஈயம் கூழாகத் தடித்து எந்த அச்சிலும் ஓடாது. வெப்பமானி முதலில் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரந்தனிலிருந்து: பழைய பற்றரி உடைத்து எடுக்கலாமா?

கூடாது. உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் ஈயமே அல்ல, அமிலத்தில் ஊறிய ஈயக் களிம்பு. அதைக் கிளறினால் வரும் தூள் கண்ணுக்குத் தெரியாமல் முற்றம் முழுக்கப் படியும். தட்டுகளில் கலந்திருக்கும் வேறு உலோகங்களின் கசடு ஈரம் பட்டால் நச்சு வாயுவும் வரலாம். செனகல் நாட்டில் தலைநகர் டாக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் என்ற இடத்தில் வீடுகளை அண்டிப் பற்றரி ஈயம் எடுத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரை 18 பிள்ளைகள் செத்துப்போனார்கள். பற்றரியை முழுதாகவே பழைய இரும்புக்காரரிடம் விற்று, அந்தக் காசுக்கு ஈயக்கட்டி வாங்குங்கள்.

இரணைப்பாலையிலிருந்து: காணி துப்புரவாக்கும்போது பழைய சன்னங்கள் நிறைய வருகின்றன. அவற்றை உருக்கலாமா?

தொடவே வேண்டாம். ஐயா, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அவற்றில் பலவற்றின் நடுவில் இருப்பது இரும்பு, ஈயம் மெல்லிய உறையாகத்தான் இருக்கும். ஆக, கிடைப்பதே கொஞ்சம். சிலவற்றுக்குள் எரிந்துகொண்டு போகும் மருந்து இருக்கிறது. வெடிக்காத ரவை ஒன்று கலந்திருந்தால் சட்டியிலேயே வெடிக்கும். மண்ணுக்குள் பல வருடம் கிடந்து துருவேறியதைப் பார்த்து இது வெற்றுச் சன்னம், இது வேறு என்று பிரிக்க எவராலும் முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, சன்னம் வருகிற மண்ணிலேயே எறிகணையும் மிதிவெடியும் வரும். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்று மிதிவெடி அகற்றும் பல அமைப்புகளும் இராணுவமும் வன்னியில் வருடக்கணக்காகக் கிண்டி எடுத்திருக்கிறார்கள். பழைய இரும்புக்கு ஆசைப்பட்டு இனியும் ஒருவர் கையிழக்க வேண்டாம். கண்ட இடத்தில் விட்டுவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பி, பக்கத்தில் ஓர் அடையாளம் வைத்து, கிராம சேவையாளரிடமோ 119க்கோ சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: இதே அச்சால் துவக்குக்கும் குண்டு ஊற்றலாம்தானே?

அதற்கு நான் வழி சொல்லப்போவதில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன. உரிமமில்லாத துவக்கும் மருந்தும் குற்றம். காட்டுக்குள் கட்டிவைக்கிற துவக்கில் விறகு எடுக்கப் போனவர்களும் ஆனைகளும் அடிபடுவதை நாங்கள் எல்லோரும் அறிவோம்.

சிலாவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி: இவர் குசினிக்குப் பின்னால்தான் உருக்குவார். மூன்று வயதுப் பிள்ளை இருக்கு. பயமாக இருக்கு அண்ணை.

பயப்பட வேண்டிய விடயம்தான் தங்கச்சி. உலக சுகாதார நிறுவனம் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்கிறது. சிறு பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிடப் பலமடங்கு ஈயத்தை உறிஞ்சும், மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பிடிக்கும். வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தச் சோகை எல்லாம் பிறகு வரும். வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம்.

அடுப்பைக் குசினியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, சுற்றித் திறந்த தகரக் கொட்டிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். சோழகம் அடிக்கிற காலத்திலும் வாடை அடிக்கிற காலத்திலும் காற்று வீட்டுப் பக்கம் போகாத இடமாகப் பாருங்கள். புகையைவிடத் தூளே பெரிய எதிரி. கசடு அள்ளும்போது பறப்பதும், மணியைப் பிடித்த கையிலும் சாரத்திலும் ஒட்டுவதும்தான் பிள்ளைக்கு வந்து சேருகிறது. வேலைக்கென்று தனிச் சாரம், தனிச் சட்டை, தனிச் செருப்பு. அவற்றைப் பிள்ளையின் உடுப்போடு தோய்க்காதீர்கள். கொட்டிலைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். முகம் கை கழுவாமல் வெற்றிலையோ பீடியோ வாயில் வைக்கக் கூடாது, பிள்ளையைத் தூக்கவும் கூடாது. உருக்கிய சட்டியும் கரண்டியும் ஒருநாளும் சமையலுக்குத் திரும்பி வரக் கூடாது. நீங்கள் கர்ப்பமாக இருந்தால் கொட்டில் பக்கமே போகாதீர்கள்.

பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் வீட்டில் ஈயம் உருக்குகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல்.

கொக்கிளாயிலிருந்து: மாரியில் வார்க்கலாமா?

ஈரம் ஏறாத இடம் இருந்தால் மட்டும். ஒரு துளி நீர் ஈயத்துக்கு அடியில் போனால் ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும், சட்டியிலிருப்பது முகத்துக்கு வரும். புதிதாகப் போடும் கட்டியை முதலில் அடுப்போரத்தில் காய வைத்து, பிறகே சட்டியில் இறக்குங்கள். கரண்டியும் அப்படியே. கண்ணாடி, தோல் கையுறை, மூடிய சப்பாத்து மூன்றும் வேண்டும்.

கசடு நிறைய வருகிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

கடலைப் பருமனில் மெழுகுதிரித் துண்டு போட்டு, காய்ந்த மரத்தடியால் அடி தொட்டுக் கிளறுங்கள். புகையும், தீயும் பிடிக்கும், விலகி நில்லுங்கள். நல்ல ஈயம் பெரும்பாலும் திரும்பக் கீழே போய், சாம்பல் நிறத் தூள் மட்டும் மேலே நிற்கும். அதை மெல்ல அள்ளி மூடியுள்ள தகரப் பேணியில் போடுங்கள். வாழைக்கு உரமென்று எறிய வேண்டாம்.

சுண்டிக்குளம் பக்கமிருந்து: ஈயம் பறவைகளுக்குக் கூடாதாமே, உண்மையா?

உண்மை. அறுந்து விழும் சிறு குண்டைக் கல்லென்று நினைத்துப் பறவை விழுங்கும். இங்கிலாந்தில் அன்னங்கள் செத்ததால் 28 கிராமுக்குக் குறைந்த தூண்டில் ஈயத்தை 1987இல் தடுத்தார்கள். பூநாரை வருகிற களப்பில் சிறு குண்டு பாவிக்காமல் விடுவது நல்லது. வீச்சுவலைக்கு இரும்புச் சங்கிலி கோத்துப் பார்க்கலாம். அதே பாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பருமன் வரும், வலை சற்றுத் தாமதமாகத் தாழும், துருவும் பிடிக்கும். ஆழம் குறைந்த களப்பில் அது பெரிய குறையல்ல.

வேலை முடிந்ததும் மிச்ச ஈயத்தைச் சட்டியிலேயே விடலாமா?

அடியால் ஊற்றும் சட்டியில் இரண்டு விரல் உயரம் விடலாம். அடுத்த முறை சீக்கிரம் சூடேறும். அடுப்புச் சட்டியென்றால் முழுவதையும் சிறு கட்டிகளாக ஊற்றிவிடுங்கள். சட்டி நிறைய உறைந்த ஈயத்தை அடியில் மட்டும் பெருந்தீ போட்டு உருக்கினால், மேலே மூடி இறுகியிருக்கக் கீழே உருகியது விரிந்து பீறிடும். அப்படி ஏற்கெனவே உறைந்து கிடந்தால் தீயை மெதுவாக வைத்து, சட்டியின் பக்கங்களும் சூடேறும்படி எரியுங்கள். மேற்பரப்பு இளகும்வரை குனிந்து பார்க்காதீர்கள்.