காய்ச்சல் விட்டது, கால் வீங்கியது

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் வண்டன்மேட்டுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவன். இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தே கிடந்தான். இப்போது இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. சுளுக்கு, தைலம் போட்டு உருவினால் சரியாகும் என்கிறார்கள். உருவலாமா?
வாசகி, கம்பம்

பதில்: உருவவே கூடாது, அம்மா. ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பதால், ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று இன்றே பார்த்துவிட வேண்டும். உறைந்திருந்தால், அழுத்தித் தேய்க்கும்போது கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம்.

நல்ல உடம்புக்காரருக்கும் இது வரும். வைரஸோடு போராடும்போது உண்டாகும் அழற்சி ரத்தக்குழாயின் உட்சுவரைப் பாதித்து, உறைய வைக்கும் புரதங்களையும் தட்டணுக்களையும் தூண்டிவிடுகிறது. தண்ணீர் சரியாகக் குடிக்காமல் உடம்பும் வற்றுகிறது. படுத்தே கிடப்பதால் கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை. கொரோனா காலத்தில் நிறையப் பார்த்தோம்; இன்ஃப்ளூயன்சாவிலும் உண்டு.

முழங்காலுக்குக் கீழே முன்புறம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு கால்களையும் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். உறுதி செய்வது காலுக்கு எடுக்கும் டாப்ளர் ஸ்கேன். உறைவு இருக்கலாம் என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான டி-டைமர் அதிகம் என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. காய்ச்சலாலேயே அது ஏறியிருக்கும்.

உறைவு இருந்தால் பெரும்பாலும் உறைவைத் தடுக்கும் மாத்திரையே போதும். டாக்டர் தரும் மாத்திரை அபிக்சபன் என்றால் வழக்கமாக முதல் 7 நாள் 10 மி.கி. இரு வேளை, பிறகு 5 மி.கி. இரு வேளை, குறைந்தது 3 மாதம். மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. வளராமல் தடுக்கிறது, கரைப்பதை உடம்பு மெதுவாகச் செய்துகொள்ளும். அதனால்தான் வீக்கம் வடிந்ததும் நிறுத்துவது ஆபத்து. இந்த மாத்திரை சாப்பிடும்போது தோட்டத்தில் அட்டை கடித்தால் ரத்தம் நெடுநேரம் வடியும். சுத்தமான துணியை வைத்து 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கட்டும். தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிக்கு பாரசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், புரூஃபன் வேண்டாம்.

மூச்சு வாங்குதல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் எது வந்தாலும் உடனே 108. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலும் அதே எண்தான்.

கேள்வி: காய்ச்சல் வந்ததுமே முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா?
வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். அது டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும். தண்ணீர், கஞ்சி நிறையக் குடியுங்கள். படுத்தபடியே மணிக்கொரு தடவை கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள், தெம்பு வந்ததும் வீட்டுக்குள் நடங்கள்.