நீரில் ஊறாத கல்

கேள்வி: காரைக்குடி அருகே, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றை நடத்தினேன். மூன்றே ஆண்டில் மூட வேண்டியதாயிற்று. மைத்துனரிடமும் சபையில் இரண்டு பேரிடமும் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. ‘இந்தத் தோல்வியின் மூலம் தேவன் என்னைப் புடமிடுகிறார்’ என்று போன மாதம் சபையில் சாட்சி சொன்னேன். பாதியிலேயே மைத்துனர் எழுந்து போய்விட்டார். விசுவாசியின் தோல்வியிலும் தேவ சித்தம் இருக்கிறது என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், காரைக்குடி

பதில்: அவருக்குப் புரிந்துதான் எழுந்து போயிருக்கிறார்.

நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை மட்டும் மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: ‘கல்யாண வீட்டு அவசரத்துக்காகத் தொட்டியில் ஊறவைக்கும் நாள்களைக் குறைத்தேன், வெடித்த கற்கள் திரும்பி வந்தன.’ கடிதம் முழுவதிலும் உங்கள் கை பட்ட இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சிமெண்ட் விலை, சந்தை, சாத்தான். (பத்திரிகைக்காரர்களும் இப்படித்தான். பாதிப் பிழை எங்களுடையது, பழி முழுவதும் அச்சகத்துக்கு.)

உங்கள் தொழிலை உங்களுக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றும்போது பூ கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கிறது. மேலே தெரிவது வெறும் மணலும் சிமெண்டும்தான். ஊறி, காய்ந்து, கண்ணாடி விட்ட பிறகுதான் கல்லின் முகம் தெரிகிறது. கல்லை அவசரப்பட்டு எடுத்தீர்கள். சாட்சியையும் அப்படியே எடுத்துவிட்டீர்கள்.

நஷ்டமெல்லாம் பாவம் என்று நான் சொல்லவரவில்லை. எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவிடம் அவன் நண்பர்கள் அப்படிச் சொல்லித்தான் கடவுளிடம் கண்டனம் வாங்கினார்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, அங்கே வட்டிக்குக் கொடுத்த கடனையும் அதற்கு ஈடாகக் கைக்கு வந்த வயல்களையும் விட்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் உங்களைச் சுற்றியே இருக்கின்றன. அந்த நஷ்டத்துக்குப் போர் காரணம். ஊறாத கல்லுக்கு யார் காரணம்? பேரேடும் ஐந்தொகையுமாக வாழ்ந்த மண்ணில் இருந்துகொண்டு இரண்டையும் ஒரே பற்றில் எழுதலாமா?

இயேசுவின் சீடன் பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்தபடி, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தான். அங்கே எரிந்தது கரிநெருப்பு என்கிறார் யோவான். பிறகு திபேரியாக் கடற்கரையில் உயிர்த்த இயேசு மீன் சுட்டுவைத்துக் காத்திருந்தபோதும் கரிநெருப்புதான். அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. விழுந்த இடத்தின் வாசனைக்கே கூட்டிப்போய் உட்காரவைத்திருக்கிறார். முதலில் சாப்பாடு போட்டார், அதை மறந்துவிடாதீர்கள். அதன் பிறகே கேள்வி. ‘இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?’ மற்றவர்கள் எல்லாரும் இடறினாலும் நான் இடறமாட்டேன் என்று பேசிய அதே வாயிடம், அந்த ‘இவர்களிலும்’ என்ற சொல்லை எடுத்து நீட்டுகிறார். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான். மனங்கசந்து அழுததெல்லாம் முன்பே முடிந்திருந்தும் இந்தக் கேள்விகள் தேவைப்பட்டன. எருசலேமில் எழுந்து நின்று பிரசங்கித்தது அதற்குப் பிறகுதான்.

கடன் விஷயத்துக்கு, வரி வசூலித்த சகேயு இருக்கிறான். அவன் புடமிடப்பட்டதாகப் பேசவில்லை, எண்ணைச் சொன்னான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு. நீங்கள் நாலத்தனை தர வேண்டாம். வாங்கியதைத் தருவதற்கு ஒரு தேதி போதும்.

மைத்துனர் வீட்டுக்குத் தனியாகப் போங்கள். வேதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப்போங்கள். ஓரத்தில் எழுதிய அந்த ஒரு வரியை முதல் வரியாகச் சொல்லுங்கள். அவர் அன்றைக்கே மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். காப்பிகூடக் கிடைக்காமல் போகலாம். சபையில் உள்ள அந்த இருவரிடமும் இதே நோட்டோடு போக வேண்டும்.

இன்னொன்று. நான்கு பக்கத்திலும் கடன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை.