சூப்பர் ஹீரோ டேபிள்: கேட்டீர்கள், சொல்கிறோம்

மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஆளுக்கு ஒரு சூப்பர் ஹீரோ. வில்லன், போலீஸ், பொதுஜனம் என்று மற்ற எல்லாருக்காகவும் பேச ஒரு கேம் மாஸ்டர் (சுருக்கமாக ஜி.எம்.). முடிவு சந்தேகமான இடத்தில் உருட்ட டைஸ். டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்பது இவ்வளவுதான். இந்த மாதம் சென்னை வாசகர்களின் சூப்பர் ஹீரோ கேள்விகள் மட்டும்.

கேள்வி: ஐந்து பேர் இருக்கிறோம். லயன், முத்து காமிக்ஸில் ஆரம்பித்து மார்வெல் படங்கள் வரை அத்துப்படி. ஆனால் இந்த ஆட்டத்தை ஒருவரும் ஆடியதில்லை. எந்த ரூல்புக் வாங்கலாம்? (வேளச்சேரி)

ஐந்து பேரும் ஆளுக்கொன்று வாங்காதீர்கள். ஜி.எம். ஆகப்போகிறவரிடம் ஒன்று இருந்தால் போதும். எது என்பது உங்களுக்கு எதில் ருசி என்பதைப் பொறுத்தது.

"அடுத்தது என்ன ஆகும்" என்கிற கதைதான் முக்கியம் என்றால் மாஸ்க்ஸ் (2016). ஹீரோக்கள் எல்லாரும் டீன் ஏஜ். சாதாரண ஆறு முக டைஸ் இரண்டு போதும். வீட்டில் கிடக்கும் லூடோ பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கூட்டுத்தொகையோடு ஷீட்டில் (ஹீரோவின் விவரத்தாளில்) உள்ள பொருத்தமான எண்ணைச் சேர்த்து 10 அல்லது மேல் வந்தால் வெற்றி, 7 முதல் 9 என்றால் வெற்றி ஆனால் ஒரு வில்லங்கத்தோடு, 6 அல்லது கீழ் என்றால் ஜி.எம். கை ஓங்கும். இந்த ஆட்டம் நம்மூருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெரியவர்களின் சொல்லுக்கு இதில் ரூல்படியே பவர் இருக்கிறது. பெரம்பூர் அத்தை "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை, ஒழுங்கா படி" என்று சொன்னால், ஹீரோயின் அதை ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில் ஷீட்டில் மண்டேன் (சாதாரணப் பெண்) என்ற எண் ஒன்று கூடும், டேஞ்சர் (ஆபத்தானவள்) என்ற எண் ஒன்று குறையும். அடுத்த சண்டையில் அவள் அடி உண்மையாகவே பலவீனமாக விழும். ஏற்க மறுக்கவும் வழி உண்டு, ஆனால் அதற்கு டைஸ் உருட்ட வேண்டும்.

பவரை நுணுக்கமாகக் கட்டி, கணக்குப் பார்த்து ஆடுவதில் ஆசை என்றால் மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ், மூன்றாம் பதிப்பு. இருபது முக டைஸ் ஒன்றே ஒன்று. எந்தப் பவரையும் கட்டலாம். ஆனால் புதியவர் ஒருவர் பவர் வாங்குவதற்கான 150 பாயிண்ட்டைச் செலவழித்து முடிப்பதற்குள் ஒரு மாலை போய்விடும்.

படங்களில் பார்த்த ஹீரோக்களாகவே ஆட வேண்டும் என்றால் மார்வெல் மல்டிவர்ஸ் (2023). அவர்களின் ஷீட் எல்லாம் புத்தகத்திலேயே ரெடியாக இருக்கிறது. மூன்று ஆறு முக டைஸ் வேண்டும், அதில் ஒன்று மட்டும் வேறு நிறம்.

1981-ல் வந்த சாம்பியன்ஸ் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். மரியாதைக்குரிய ஆட்டம்தான். ஆனால் 60 ஸ்ட்ரெங்த் உள்ளவர் ஒரு குத்து விட்டால் 12 டைஸை அள்ளி உருட்டி எண்ண வேண்டும். முதல் ஆட்டத்துக்கு வேண்டாம். உங்கள் ஐவருக்கு எங்கள் ஓட்டு மாஸ்க்ஸுக்கே.

கேள்வி: முதல் தடவையாக ஜி.எம். ஆகப்போகிறேன். ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். எப்படித் திட்டமிடுவது? (மயிலாப்பூர்)

மூன்று மணி நேரம் என்றால் கையில் இருப்பது இரண்டரை மணி. பாக்கி அரை மணியை ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக் எடுத்துக்கொள்ளும்.

கேரக்டரை மேசையில் உருவாக்க விடாதீர்கள். ஆறு ஹீரோக்களைத் தயாராகக் கொண்டுபோய் நால்வரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடைசியாகத் தேர்ந்தெடுப்பவருக்கும் மூன்று மிச்சம் இருக்கும், தலையில் கட்டிவிட்டார்கள் என்ற மனக்குறை வராது. ஒவ்வொரு ஷீட்டிலும் பக்கத்து நாற்காலிக்காரரோடு ஒரு பழைய உறவை எழுதிவையுங்கள்: "உன்னுடைய முகமூடிக்குப் பின்னால் யார் என்பது இவருக்கு மட்டும் தெரியும்" என்பதுபோல.

பலரும் சறுக்குவது தொடக்கத்தில். "நீ எங்கே இருக்கே? நீ என்ன பண்றே?" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறிமுகப்படுத்தி, நால்வரையும் ஒன்றுசேர்ப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஆட்டம் தொடங்கும்போதே அவர்கள் ஒரு டீம், சம்பவம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. உதாரணத்துக்கு: கத்திப்பாரா, மாலை ஆறரை. மேம்பாலத்தின் தூண் ஒன்று மெழுகாக உருகிக்கொண்டிருக்கிறது. மேலே இரண்டு எம்.டி.சி. பஸ், சைரன் போட்டபடி மாட்டிக்கொண்ட ஓர் ஆம்புலன்ஸ். ஆலந்தூர் மெட்ரோவிலிருந்து ஜனம் இறங்கி வந்துகொண்டே இருக்கிறது, பாதிப் பேர் ஓடாமல் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். தூணை உருக்குகிறவன் கீழே சாவகாசமாக நிற்கிறான். இங்கே தாங்கிப் பிடிக்கிறவருக்கு ஒரு வேலை, பறக்கிறவருக்கு ஒரு வேலை, பேச்சுத் திறமை உள்ளவருக்கு ஒரு வேலை, அடிக்கிறவருக்கு ஒரு வேலை. நாலு ஹீரோ என்றால் ஒரே நேரத்தில் நாலு பிரச்சினை. முதல் காட்சிக்கு இந்தக் கணக்கை விடாதீர்கள்.

நேரம் இப்படிப் பிரியலாம்: ஷீட் தேர்வும் ரூலும் 20 நிமிடம், இந்த முதல் காட்சி 35, துப்பறிதல் 30, டீ 10, இறுதி மோதல் 45, மறுநாள் செய்தியில் என்ன வந்தது என்று ஆளுக்கு ஒரு வரி சொல்லி முடிக்க 10. துப்பறியும் பகுதிதான் அடிக்கடி படுத்துவிடும். வில்லன் எண்ணூரில் இருக்கிறான் என்பதை ஹீரோக்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றால், அதே தகவலை மூன்று இடத்தில் வையுங்கள்: அவன் செருப்பில் ஒட்டிய சாம்பல், பிடிபட்ட அடியாளின் வாய், தூணில் மிஞ்சிய ரசாயனம். இரண்டைத் தவறவிடுவார்கள். அந்தத் துப்புக்கு டைஸ் உருட்டவும் சொல்லாதீர்கள். உருட்டல் தோற்றால் கதை அங்கேயே நின்றுவிடும்.

வில்லன் நீளமாக வசனம் பேசுவதாக எழுதி வைத்திருந்தால் அதையும் கிழித்துவிடுங்கள். மூன்றாவது வாக்கியத்தில் யாராவது "நான் அடிக்கிறேன்" என்பார்.

கேள்வி: மியூட்டன்ட்ஸ் ஆடுகிறோம். பெரிய வில்லன் என்று பில்டப் கொடுத்துக் கொண்டுவந்தால், இரண்டாவது ரவுண்டில் படுத்துவிடுகிறான். எண்களில் என்ன தப்பு? (அம்பத்தூர்)

எண்களை விட ஆள் கணக்கில்தான் தப்பு. வில்லன் ஒரு முறை அடிப்பதற்குள் நாலு ஹீரோ நாலு முறை அடித்துவிடுகிறார்கள்.

பவர் லெவல் (பலத்தின் படிநிலை) 10 ஹீரோ, அட்டாக் 10, டேமேஜ் 10. வில்லனும் அதே லெவல், டிஃபன்ஸ் 10, டஃப்னஸ் (அடி தாங்கும் திறன்) 10 என்று வைப்போம். அடி பட டைஸும் அட்டாக்கும் சேர்ந்து 20 (10 + டிஃபன்ஸ்) ஆக வேண்டும், எனவே ஹீரோவுக்கு டைஸில் 10 அல்லது மேல் விழுந்தால் போதும்: 55 சதவீத வாய்ப்பு. பட்ட அடியைத் தாங்க வில்லன் டைஸும் டஃப்னஸும் சேர்த்து மொத்தம் 25 (15 + டேமேஜ்) எடுக்க வேண்டும், அதாவது டைஸில் 15 அல்லது மேல். பத்தில் மூன்று தடவைதான் தாங்குவான். நால்வர் அடித்தால் ரவுண்டுக்குச் சராசரியாக இரண்டு அடிக்கு மேல் விழும். தோற்கும் ஒவ்வொரு தடவையும் அடுத்த செக்கில் (தாங்குவதற்கான உருட்டலில்) ஒன்று குறையும். தோல்வி பெரிதாக இருந்தால் டேஸ்டு (தலைகிறங்கிய நிலை) ஆகி அவன் செயலும் சுருங்கும். பிறகு அவன் கதை சரிவுதான்.

வில்லனை லெவல் 12-க்கு ஏற்றினால், அடி படும் வாய்ப்பு 45 சதவீதமாக இறங்கும், தாங்கும் வாய்ப்பு 40 ஆக ஏறும். அது உதவும். 14-க்கு ஏற்றுவது தீர்வல்ல. அவன் அடித்தால் ஹீரோக்கள் சுருண்டுவிடுவார்கள், அவர்கள் அடி ஒன்றும் படாது, மேசையில் கொட்டாவி வரும். 12-ல் நிறுத்திவிட்டு, ஆறெட்டு மினியன்களை (அடியாட்களை) சேருங்கள். மினியன் ஒரு செக்கில் தோற்றாலே அவுட், அதனால் ஆட்டம் இழுக்காது. ஆனால் ஹீரோக்களின் இரண்டு மூன்று அடிகளை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கூடவே இடிந்து விழப்போகும் ஏதோ ஒன்று இருக்கட்டும், அது ஒரு ஹீரோவைச் சண்டையிலிருந்து விலக்கி வைக்கும்.

வில்லன் தப்பியே ஆக வேண்டும் என்றால் டைஸில் திருட்டு வேலை செய்யாதீர்கள். "இவன் தப்பிக்கிறான்" என்று வெளிப்படையாகச் சொல்லி, ஆளுக்கு ஒரு ஹீரோ பாயிண்ட் (பிறகு ஒரு டைஸை மறுபடி உருட்ட உதவும்) கொடுங்கள். ரூல்புக்கே தரும் வழி அது. பாயிண்ட் கிடைத்ததும் முணுமுணுப்பு அடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் டேபிளில் ஒருவர் பஸ்ஸைத் தூக்குகிறார், இன்னொருவர் விமான வேகத்தில் பறக்கிறார். எது முடியும், எது முடியாது என்று தினம் வாக்குவாதம். (குரோம்பேட்டை)

நீங்களும் மியூட்டன்ட்ஸ் ஆடுகிறீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அளவு அட்டவணையை ஒரு பக்கத்தில் பிரின்ட் எடுத்து மேசையில் வையுங்கள். எடை, தூரம், வேகம் எல்லாவற்றுக்கும் அதில் ரேங்க் என்ற படி எண் உண்டு, ரேங்க் ஒன்று ஏறினால் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்ட்ரெங்த் 9 என்றால் 12 டன் வரை தூக்கலாம். காலி பஸ்ஸுக்குப் போதும், நெரிசல் நேரத்து பஸ்ஸுக்கு 10 இருந்தால் நிம்மதி. எறிய வேண்டுமா, ஸ்ட்ரெங்த்திலிருந்து எடையின் ரேங்க்கைக் கழியுங்கள். 12 ஸ்ட்ரெங்த் உள்ளவர் ரேங்க் 9 எடையை (அதே 12 டன்) எறிந்தால் தூரத்தின் ரேங்க் 3, அதாவது 250 அடி.

ஃப்ளைட் (பறக்கும் பவர்) 8 என்பது மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அப்படிப்பட்டவரிடம் தூரத்தைத் தடையாக வைக்கவே முடியாது. எங்கே போவது என்பது தெரியாமல் இருப்பதுதான் அவருக்குத் தடை.

கேள்வி: தமிழிலேயே நடத்தலாமா? (பல வாசகர்கள்)

தாராளமாக. ஷீட்டில் இருக்கும் ரூல் சொற்களை அப்படியே விடுங்கள், மற்றதெல்லாம் நீங்கள் பேசும் தமிழ். வில்லன் மட்டும் மேடைத் தமிழில் பேசினால் இரண்டாவது நிமிடமே சிரிப்பு வரும். காமெடி வில்லன் என்றால் வசதி.

கேள்வி: வாராவாரம் புதியவர்களை அழைத்து டேபிள் நடத்த ஆசை. ஆள் சேர்ப்பது எப்படி? எங்கே உட்காருவது? (அடையாறு)

அறிவிப்பில் ரூல்புக் பெயரைப் பெரிதாகப் போடாதீர்கள். தெரிந்தவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி இருக்கட்டும்: "ஞாயிறு 3 – 5.30. சென்னையைக் காப்பாற்ற நாலு பேர் தேவை. ஹீரோ ரெடி, டைஸ் ரெடி, ரூல் தெரிய வேண்டாம். இலவசம்." முடியும் நேரத்தைக் கட்டாயம் போடுங்கள். எப்போது விடுவார்கள் என்று தெரியாத இடத்துக்குப் புதியவர் வரமாட்டார், கல்லூரிப் பெண்களை வீட்டில் அனுப்பவும் மாட்டார்கள்.

நாலு இடத்துக்கு ஐந்து பேரைப் பதிவு செய்யுங்கள், இலவசம் என்றால் ஒருவராவது வராமல் போவார். ஐவரும் வந்துவிட்டால் ஐந்தாவது ஷீட் இருக்கிறதே. சனி மாலை ஒரு வாட்ஸ்அப் செய்தி, அதில் கேட் எங்கே, எந்த மாடி என்பது வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை எச்சரிக்கை வந்தால் காலை பத்து மணிக்குள் ஆன்லைனுக்கு மாற்றிவிடுங்கள். மூன்று பேர் வேளச்சேரித் தண்ணீரில் மாட்டிக்கொண்ட பிறகு மாற்றிப் பயனில்லை.

இடம்: அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஹால் முதல் தேர்வு. காஃபே என்றால் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில், மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி, ஆளுக்கு இவ்வளவு ஆர்டர் என்று ஒப்புக்கொண்டு. சி.எஸ்.கே. மேட்ச் நாளில் ஸ்கிரீன் உள்ள காஃபே பக்கம் போகவே வேண்டாம். சூப்பர் ஹீரோ படம் வெள்ளிக்கிழமை வெளியானால் அந்த வாரக் கடைசியில் எல்லாரும் தியேட்டரில் இருப்பார்கள். அடுத்த ஞாயிறுதான் உங்களுக்கு அறுவடை.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் முதல் சென்னை காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர் திருவிழா) நடந்தது. அந்த மாதிரிக் கூட்டத்தில் இரண்டரை மணி ஆட்டம் எடுபடாது. 25 நிமிடம், ஒரே காட்சி, சண்டையின் நடுவிலேயே ஆரம்பம். ஷீட் போஸ்ட்கார்டு அளவு: பெயர், மூன்று பவர், ஒரு பலவீனம். மேசை மூன்றடிக்கு மேல் அகலமாக இருந்தால் மைக் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஒருவர் ஆட்டம் நடத்த, இன்னொருவர் நின்றபடி ஆள் கூப்பிட வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் கெடும். எழுந்து போகிறவர் கையில் அடுத்த டேபிளின் தேதி அச்சிட்ட சீட்டு இருக்க வேண்டும். "குரூப்ல போடறோம்" என்றால் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவார். ஜனவரிப் புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் ஸ்டால் முன் கூடுகிறவர்களும் உங்கள் ஆட்கள்தான், ஸ்டால்காரரின் அனுமதியோடு சீட்டு வையுங்கள்.

கேள்வி: போஸ்டரில் ஸ்பைடர்மேன் படம் போடலாமா? (சைதாப்பேட்டை)

வீட்டில் நண்பர்களோடு ஸ்பைடர்மேனாக ஆடுவதை யாரும் கேட்கப்போவதில்லை. கட்டணம் வாங்கும் நிகழ்ச்சியின் போஸ்டரில் இன்னொருவர் வரைந்த படமும் பெயரும் வந்தால் அது வேறு விவகாரம். ஓவியம் தெரிந்த நண்பரிடம் சொந்த ஹீரோவை வரைந்து வாங்குங்கள். நேப்பியர் பாலத்து வளைவின் மேல் ஒருத்தி நின்றால், பார்ப்பவருக்கு இது நம்மூர் ஆட்டம் என்று சட்டென்று புரியும்.

கேள்வி: சென்ற ஆட்டத்தில் ஒருவர் மைண்ட் கன்ட்ரோல் பவரை என் ஹீரோயின் மேல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். ஜோக் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. (அண்ணா நகர் வாசகி)

ஜோக் இல்லை. அதை நிறுத்தியிருக்க வேண்டியது ஜி.எம். சூப்பர் ஹீரோ ஆட்டங்களில் அதிகம் வம்பு வளர்க்கும் பவரும் அதுதான், ஏனென்றால் மற்றவரின் ஹீரோவை அவர் கையிலிருந்தே பிடுங்கிவிடுகிறது. தொடங்கும் முன்பே ஜி.எம். இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, சம்மதம் கேட்காமல் இன்னொரு பிளேயரின் ஹீரோ மேல் பவர் இல்லை. இரண்டு, எக்ஸ் கார்டு: நடுவில் ஒரு வெற்று அட்டை, அதில் ஒரு எக்ஸ். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே மாறும், காரணம் கேட்கக் கூடாது. அறிமுகமில்லாதவர்கள் உட்காரும் டேபிளில் இது இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. சொல்லியும் கேட்காதவரை அடுத்த வாரம் கூப்பிடாதீர்கள், அவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் சரி. உங்கள் ஜி.எம். தயங்கினால் டேபிளை மாற்றுங்கள்.

கேள்வி: இருபது முக டைஸ் கடையில் கிடைக்கவில்லை. என்ன செய்வது? (தண்டையார்பேட்டை)

ஆன்லைனில் ஏழு டைஸ் கொண்ட செட்டாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வரும்வரை செல்போனில் டைஸ் ஆப் போதும். ஒரே போனை மேசை நடுவில் வைத்து எல்லாரும் அதிலேயே தட்டுங்கள். ஆளுக்கு ஒரு போன் என்றால் பாதிப் பேர் இன்ஸ்டாகிராமுக்குப் போய்விடுவார்கள்.