வீட்டிலேயே நடத்தும் டே கேருக்கு வருமான வரியில் என்னென்ன செலவைக் கழிக்கலாம்?

மயிலாடுதுறையில் சொந்த வீட்டுக் கூடத்தில் பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், பால், சுண்டல், ஆயா சம்பளம், கரண்ட் பில் எல்லாம் வரியில் கழியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழியும். ஆனால் முதலில் உங்களுக்கு வரி வருகிறதா என்று பாருங்கள். கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பில்லைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவரும் பலருக்கு வரியே வராது.

தலைக்கு மாதம் 3,000 என்று வைத்தால் ஆண்டு வசூல் 3,60,000. 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி 4 லட்சம் வரை வரி இல்லை. 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி பூஜ்யம் (இடம் விற்ற லாபம் போன்றவை தனி). வேறு வருமானம் இல்லையென்றால் ஒரு பால் பில்கூட வேண்டாம்.

வரி வரும் நிலை வந்தாலும் நான் சொல்வது 44ஏடி பிரிவைத்தான். 2 கோடிக்குள் வசூல் உள்ள சிறு தொழிலுக்கு, ரொக்க வசூலில் 8 சதவீதம், ஜிபே, வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் லாபமென்று காட்டினால் போதும். செலவெல்லாம் அதிலேயே கழிந்ததாகக் கணக்கு. தனியாக எதையும் கழிக்க முடியாது. கூடுதலாக மிஞ்சியிருந்தால் அதையும் காட்டலாம். லோன் வாங்கும் எண்ணமிருந்தால் உள்ளதைக் காட்டுங்கள், பேங்க் மேனேஜர் அந்த ரிட்டர்னைத்தான் புரட்டுவார். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் மட்டும் வேறாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.

இல்லை, செலவைக் கழித்துத்தான் காட்டுவேன் என்றால் நோட்டுப் போட்டு எழுத வேண்டும். வில்லங்கம் இங்கேதான். ஒரே அடுப்பு, ஒரே பால். உங்கள் வீட்டுக் காப்பிக்குப் போனதைக் கழிக்க முடியாது. அதனால் பிள்ளைகளுக்கான பாலை, மளிகையைத் தனி பில்லில் வாங்குங்கள். சொந்த வீடாதலால் வாடகை என்று எழுத வழியில்லை. கூடத்தின் பங்குக்கு உரிய வீட்டு வரி, ரிப்பேர், தேய்மானம் (பொருளின் விலையை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது), கரண்ட் பில் மட்டும் எழுதலாம். பாய், தொட்டில், ஃபேன் வாங்கியதை ஒரே வருஷத்தில் கழிக்காமல் தேய்மானமாகத்தான் எழுத வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு ஏறாது, ஆயா சம்பளத்தை அக்கவுண்டில் போட்டுவிடுங்கள். யூடியூபில் மணி நேரத்தையும் சதுர அடியையும் பெருக்கி விழுக்காடு போடுகிறார்களே, அது அமெரிக்கச் சட்டம். நமக்கு அந்தச் சூத்திரம் கிடையாது.

நம் பக்கத்தில் பலர் கோட்டை விடுவது நிலத்தில். உங்கள் பெயரில் வயல் இருந்தால் நெல் வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் அது ஆண்டுக்கு 5,000ஐத் தாண்டினால் எளிய ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-4 ஆகாது, ஐடிஆர்-3 படிவம் போட வேண்டும். குறுவையும் சம்பாவும் எடுக்கிற வீட்டுக்கு 5,000 எந்த மூலைக்கு? நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தாலும் வருகிற நெல்லும் பணமும் விவசாய வருமானம்தான், ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.