கேஷ்லெஸ் காப்பீடு இருந்தும் கைக்காசு கட்ட நேர்வது ஏன்?

கேஷ்லெஸ் என்றால் காப்பீட்டு நிறுவனமே முழுத்தொகையையும் மருத்துவமனைக்குக் கட்டிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் தங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவமனைகளில் பல சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே கட்டணம் பேசி வைத்திருக்கின்றன. நோயாளி சேர்ந்ததும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு செலவு மதிப்பீட்டை அனுப்பி முன் அனுமதி பெறும். டிஸ்சார்ஜ் நாளில் இறுதி பில்லைச் சரிபார்த்து நிறுவனம் ஒப்புக்கொள்ளும் தொகை பின்னர் மருத்துவமனைக்கு நேரடியாகச் சேரும். கையுறை, முகக்கவசம் போன்றவற்றின் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான்.

பலரும் அடிபடுவது அறை வாடகையில். பாலிசியில் நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்க, 10,000 ரூபாய் அறையில் தங்கினால், இழப்பு அந்த வித்தியாசத்தோடு நிற்காது. அறைக்கேற்பக் கட்டணம் மாறும் மருத்துவமனையாக இருந்தால், அறுவை அரங்கு, மருத்துவர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியை வெட்டிவிடலாம். சேரும்போதே இதை யாரும் சொல்லாமல் விடுவது பெரும் அநியாயம் என்பேன். ஆனால் மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்த விகித வெட்டு பொருந்தாது என்பது ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி, அவற்றிலும் கை வைத்திருந்தால், தயங்காமல் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

அந்த ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, முன் அனுமதியை 1 மணி நேரத்திலும் டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்திலும் தர வேண்டும். டிஸ்சார்ஜ் ஒப்புதல் தாமதமாகி மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும்.