ஃபேன்டஸி ஃபுட்பால் ஏலத்தில் ஒரு வீரருக்கு எவ்வளவு விலை வைக்கலாம்?

"கணிப்பில் குவார்ட்டர்பேக்குக்குத்தானே புள்ளி அதிகம், அப்புறம் ஏன் ரன்னிங்பேக்குக்கு இரட்டிப்பு விலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூர் அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் நடக்கும் என்எஃப்எல் ஏலத்துக்குப் புதிதாக வருபவர்களும் முதலில் கேட்பது இதைத்தான். ஃபேன்டஸி ஃபுட்பாலில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் வீரர்களை ஆளுக்கொரு கற்பனை அணிக்கு ஏலத்தில் எடுப்போம்; அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதைப் பொறுத்துப் புள்ளி வரும். எவ்வளவு புள்ளி வரும் என்ற முன்கூட்டிய மதிப்பீடுதான் கணிப்பு. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக், பந்தை ஏந்தி ஓடுபவர் ரன்னிங்பேக்.

மொத்தப் புள்ளியைப் பார்க்காதீர்கள். அதே இடத்துக்குச் சல்லிசாகக் கிடைக்கும் மாற்று ஆளைவிட எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்று பாருங்கள். 12 அணிகள், அணிக்கு ஒரு குவார்ட்டர்பேக் என்றால், 13-ஆவது ஆள் 1 டாலருக்கே கிடைப்பார். அவரும் நன்றாகவே ஆடுவார். ரன்னிங்பேக் அணிக்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். நல்லவர்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுவார்கள்.

கணக்கு இப்படி. அணிக்கு 200 டாலர், 16 வீரர்கள். மொத்தப் பணம் 2,400. 192 வீரர்களுக்கும் ஆளுக்கு 1 டாலர் ஒதுக்கினால் மீதி 2,208. எல்லாருடைய கூடுதல் புள்ளியும் சேர்ந்து 3,680 என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு 60 சென்ட். குவார்ட்டர்பேக்குக்குக் கணிப்பு 360, மாற்று ஆளுக்கு 300 என்றால் கூடுதல் 60; அதற்கு 36 டாலர், முதலில் ஒதுக்கிய 1 டாலரும் சேர்த்து விலை 37 டாலர். ரன்னிங்பேக்குக்கு 270, மாற்று ஆளுக்கு 150. கூடுதல் 120, விலை 73.

இந்த 60 சென்ட் ஏலம் முழுக்க நிலையாக நிற்காது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நான் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பத்து வீரருக்கும் ஒருமுறை மீதிப் பணத்தை மீதிப் புள்ளியால் வகுத்து எழுதுவேன். தொடக்கத்தில் எல்லாரும் அள்ளி வீசினால் அது 50 சென்ட்டுக்கு இறங்கும். அப்போது பழைய விலைப் பட்டியலை நம்பிக் கை தூக்காதீர்கள்.